கொக்கி

மறக்கக் கூடாதென்று
காலணி அலமாரியின் மேல் எடுத்து வைத்த
சின்ன ஸிப் பையை
மறந்தேன்.

உள்ளே இருந்தது அலுமினியத் துண்டு ஒன்று.
இரண்டு புளியங்கொட்டை சேர்த்த அளவு,
பதினெட்டு வெள்ளி.
பின்சக்கரத்தருகே கியரைத் தாங்கும் கொக்கி.
அடி விழும்போது
சட்டம் பிழைக்கட்டும் என்று
முதலில் தான் உடைவதற்காகவே
மெலிதாக வார்த்தது.

எண்பது கிலோமீட்டர். எட்டுச் சுற்று.
இந்த ஊரில் அவ்வளவு தூரம் மிதிக்க
ஒரே காட்டுக்குள் திரும்பத் திரும்ப நுழைய வேண்டும்.
நேராகப் போனால்
நாடு முடிந்து கடல் வந்துவிடும்.

மலையும் இல்லை.
எட்டு மாதமாக, வேலை முடிந்த இரவுகளில்
அடுக்குமாடிக் கார்ப்பேட்டையில்
ஏழு தளம் ஏறி, ஏழு தளம் இறங்கி, மறுபடி ஏறினேன்.
பூனைகளுக்குத் தீனி வைக்க வரும் மாது
மூன்றாம் வாரம் பொறுக்க முடியாமல் கேட்டார்:
"உன் காரைத் தேடுறியா?"

நேற்றிரவு மழை.
செஸ்ட்நட் காட்டின் செம்மண்
டயரில் அப்பம் அப்பமாக ஒட்டியது.
முதல் சுற்றில் நாற்பத்தோராவது ஆள்.
இரண்டில் முப்பத்தாறு.
மனத்துக்குள் அப்போதே
முப்பதாவது ஆளின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதில், வேர்கள் படிக்கட்டாய் இறங்கும் இடத்தில்
சுள்ளி ஒன்று சக்கரத்துக்குள் போனது.
முறுக்கைக் கடித்த மாதிரி
ஒரு சத்தம்.
அவ்வளவுதான்.

ஃபைசல் வேகத்தைக் குறைத்தான். "ஓக்கேவா?"
"ஓக்கே, நீ போ."
போய்விட்டான்.
போகச் சொன்னவன் நான்தான்.
ஆனாலும்.

லிஃப்ட் பழுதுபார்ப்பவன் நான்.
பதினான்காம் மாடிக்கும் பதினைந்துக்கும் நடுவில்
தொங்கியவர்களை இறக்கியிருக்கிறேன்.
இங்கே சேற்றில் குந்தி,
தொங்கிய கியரைக் கழற்றி,
சங்கிலியை வெட்டிக் குறுக்கி
ஒற்றைப் பல்லில் பூட்டினேன்.
அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு வந்து
என் பையிலிருந்த வாழைப்பழத்தை எடுத்து
எதிரிலேயே உட்கார்ந்து உரித்தது.
அதற்கு அவசரமே இல்லை.

ஏற்றத்தில் தள்ளினேன்.
இறக்கத்தில் கால்கள் வெறுமனே காற்றைச் சுற்றின.
பத்தரைக்குள் தாண்ட வேண்டிய கோட்டை
பத்து முப்பத்துநான்குக்குத் தாண்டினேன்.

மழைக்கோட்டுக்குள் ஒரு பாலிடெக்னிக் மாணவி,
பெயரட்டையில் ஹஃபிஸா.
கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்,
அது மனம் மாறியிருக்கலாம் என்பதுபோல.
"சாரி, அங்கிள்."
கணுக்காலில் கட்டிய சிப்பைக் கத்தரித்தாள்.
அது வலிக்கவில்லை.
அங்கிள்தான் வலித்தது.

பதினொன்று பத்துக்கு
மின்னல் எச்சரிக்கை ஊளையிட்டது.
போட்டியையே நிறுத்திவிட்டார்கள்.
தடத்தில் இன்னும் இருப்பவர்கள் எல்லாரும்
முடித்தவர்களாகவே கொள்ளப்படுவார்கள் என்று
ஒலிபெருக்கி சொன்னபோது
இரண்டாவது ஹண்ட்ரட் பிளஸ் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஃபைசலுக்கு ஐந்தே சுற்று. பதக்கம்.
என்னிடம் வருமுன்பே
அதைச் சட்டைக்குப் பின்பையில் திணித்திருந்தான்.
நாடா மட்டும் வெளியே தொங்கியது.
மஞ்சள் நாடா.
இருவரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

சங்கிலி மறுபடி நழுவியது.
புக்கிட் பாஞ்சாங்வரை தள்ளிக்கொண்டே வந்தேன்.
குமுதவல்லி ஒன்றும் கேட்கவில்லை,
என் முழங்காலைப் பார்த்தாள்,
தரையில் பழைய முரசை விரித்தாள்.
அலமாரியின் மேல் ஸிப் பை
வைத்த இடத்தில் வைத்தபடி.

திருகு ஒன்றுதான். இரண்டு திருப்பு.
வெட்டிய கண்ணிகளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கோத்து,
குளிக்காத காலோடு உட்கார்ந்து
கையால் மிதியைச் சுற்றினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று என்று
பல் மாறிப் பல் மாறி
பன்னிரண்டுவரை ஏறியது,
பன்னிரண்டிலிருந்து இறங்கியது
எந்தத் தளத்திலும் சிக்காமல்,
ஆளில்லாத லிஃப்ட் போல.